புதுச்சத்திரம் தாண்டி இருண்டுபோன திரை

சிங்கப்பூரில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இந்த முறை கடலூருக்கு வந்தது ஒரே ஒரு கையெழுத்துக்காக. மங்கலம்பேட்டைப் பக்கம் அப்பா பெயரில் கிடந்த நிலத்தை நானும் தங்கையும் பிரித்துக்கொள்ள, நேரில் வந்து விரல் ரேகையும் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் விடுப்பு கேட்க இப்போது எனக்கு முதலாளி யாரும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து வேலை அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. நான் எழுத நினைப்பது மிச்ச நாட்களைப் பற்றி.

முதல் நாள் காலை என்னை அழைத்துப்போக வந்தது தங்கை மகள் கயல்விழி. போன தடவை பார்த்தபோது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கல்யாணமாகி, கணவர் நெய்வேலியில் ஷிப்டு வேலைக்குப் போக, இவள் சொந்தமாக ஒரு மின்சாரக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறாள். பச்சைப் பலகையில் மஞ்சள் எண், வெள்ளை வண்டி, உள்ளே ஒரு தூசி இல்லை. நான் பின் கதவைத் திறக்கப் போனேன்.

"மாமா, முன்னாடி ஒக்காருங்க. பின்னாடி ஒக்காந்தா சவாரின்னு நெனச்சிருவேன்" என்றாள்.

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. சத்தம் இல்லை, உதறல் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் எண்கள் மட்டும் மாறின. வேகம், பேட்டரியில் மிச்சம், இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பது எல்லாமே அதில்தான். நான் ஓட்டிய பேருந்தில் கடைசிவரை முள் சுற்றும் வேகமானிதான். காதால் எஞ்சினைக் கேட்டே பாதி வேலை நடந்துவிடும். "இதுல கேக்கறதுக்கு ஒன்னுமே இல்லியே" என்றேன். "அதான் மாமா, கண்ணு முழிப்பா இருக்கணும்" என்றாள்.

மஞ்சக்குப்பத்தில் தங்கை வீடு. மதியம் வஞ்சிர மீன் குழம்பும் நெத்திலி வறுவலும். சிங்கப்பூரிலும் வஞ்சிரம் கிடைக்கும். ஆனால் அங்கே அது ஐஸில் படுத்திருக்கும் மீன். இங்கே கொஞ்ச நேரம் முன்புவரை நீந்திய மீன். மூன்றாவது முறை சோறு கேட்டபோது தங்கை சிரித்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மகள் மேல் கோபம்.

"கரண்டு வண்டி, மழைக் காலம், பொம்பளப் புள்ள. மூனும் சேந்தா எங்கியாவது நடு ரோட்டுல நிக்கும் மச்சான். நீங்களாவது சொல்லுங்க" என்றார் என்னிடம். உர மூட்டைக் கடையில் கணக்குப் பார்க்கும் மனிதர். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். என் வாயில் நெத்திலி இருந்தது.

சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனோம். அங்கேதான் என் பரிசை எடுத்து நீட்டினேன். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் எனக்கும் அதேபோல ஒன்று. ஈர ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை இது அப்படியே வெட்டிவிடும், ஓட்டுநர்களுக்கென்றே செய்தது என்று, ஏதோ நானே கண்டுபிடித்தவன்போல விளக்கினேன். கயல் போட்டுக்கொண்டு அலையைப் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"மாமா! தண்ணிக்கு அடியில மணலு தெரியுது!"

பக்கத்தில் சுண்டல் விற்றவரும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். "சிங்கப்பூர் சரக்கா? அதான்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கையெழுத்து. பதிவு அலுவலகத்துக்குப் பேருந்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். தொழில் பாசம். கூட்டத்தில் ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். சிங்கப்பூரில் ஒரு பயணி மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றால் நான் வண்டியை எடுக்க மாட்டேன். இங்கே என் காலை மிதித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கொஞ்சம் உள்ளாறப் போங்க சார், வெளிய ஒரு ஊரே நிக்குது" என்றார். உள்ளே போக இடம் இல்லை. ஆனாலும் எப்படியோ போனேன். இறங்கும்போது ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் கயல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பரபரப்பு. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் ஒரு பிசியோதெரபி மையம். நடத்துபவர் டாக்டர் எஸ்தர். வீடு கடலூர் முதுநகரில். பக்கவாதம் வந்தவர்களைக் கடலூரிலிருந்து தினமும் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட ஒரு நிரந்தர வண்டி தேடுகிறார். நாளைக்கு வெள்ளோட்டம். டாக்டரே வருகிறார், கூட அவருடைய அப்பாவும். அவரும் பக்கவாதத்திலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருப்பவர்.

"நாலு பேரு கேட்டிருக்காங்க மாமா. எல்லாம் பெரிய டீசல் வண்டி. எனக்கு இது கெடச்சா நான் ராப்பகலா சவாரிக்கு அலைய வேணாம். அப்பாவும் ஒரு வழியா அடங்கிருவாரு."

"நானும் வரேன். முன்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றேன். இருபத்தாறு வருட அனுபவம் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள். விடியற்காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதுநகரில் டாக்டர் எஸ்தர் குடையோடு வாசலில் நின்றார். நாற்பது வயதுக்காரர், பேச்சில் சிக்கனம். அப்பா ஆரோக்கியசாமியைக் கயல்தான் கைத்தாங்கலாக உட்கார வைத்தாள். அவருடைய தலை இடது தோள் பக்கம் சாய்ந்தே இருந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. பெல்ட்டை மாட்டி, கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணையையும் வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அவளாகவே கொண்டுவந்திருந்தாள்.

"பத்து மணிக்கு எனக்கு ஃபர்ஸ்ட் பேஷன்ட். அதுக்குள்ள போயிருவமா?" என்றார் டாக்டர்.

"ஒம்போது அம்பதுக்குப் போயிருவோம் மேடம்."

ஆலப்பாக்கம் தாண்டும்வரை வானம் மூடியிருந்தது. புதுச்சத்திரத்தை நெருங்கும்போது மேகம் கிழிந்து வெயில் அடித்தது. நனைந்த தார்ச்சாலை முழுக்கக் கண்ணாடித் தகடுபோல மின்னியது. எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாத கூச்சம். நான் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒன்னோடத எடுத்துப் போடு" என்றேன். போட்டாள். சாலை பளிச்சென்று தெளிந்தது. "சூப்பரா இருக்கு மாமா" என்றாள் முன்னால் போன டேங்கர் லாரியைவிட்டுக் கண் எடுக்காமல்.

புதுச்சத்திரம் தாண்டியதும் டேங்கர் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்கியது. அதன் அடியிலிருந்து ஒரு பள்ளம் வெளிப்பட்டது. தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத பள்ளம். கயல் வேகத்தைக் குறைத்தும் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. கதவுவரை தண்ணீர் அடித்தது. பின்னால் பெரியவர் "ஹ்ம்" என்று முனகினார். கயல் அப்போதுதான் கண்ணைத் தாழ்த்தி ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்தாள்.

திரை கறுப்பாக இருந்தது.

நானும் எட்டிப் பார்த்தேன். எண் இல்லை, விளக்கு இல்லை. அணைத்துப் போட்ட தொலைக்காட்சிபோல ஒரு கறுப்புப் பலகை. டீசல் வண்டி என்றால் எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காது சொல்லிவிடும். இதில் காதுக்கு வேலையே இல்லை. வண்டி சொந்தமாக ஓடுகிறதா, வந்த வேகத்தில் உருள்கிறதா என்றே எனக்குப் புரியவில்லை.

கயல் பதறவில்லை. பின்னால் பார்த்து, கைகாட்டி விளக்கைப் போட்டு, இடது ஓரத்தில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். நாலு விளக்கும் மின்னும் பொத்தானை அழுத்தினாள். பிறகு திரும்பி, "மேடம், மீட்டர் ஒன்னும் காட்டல. பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்றேன். ஐயாவுக்கு ஒன்னும் ஆவலியே?" என்றாள்.

"பள்ளத்துல தண்ணி போயிருக்குமோ?" டாக்டரின் குரலில் எரிச்சல் எட்டிப் பார்த்தது.

வண்டியை அணைத்துப் போட்டாள். திரை கறுப்பு. மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்பு. சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது: "தண்ணி பூந்திருக்கும்மா. வண்டிய எடுக்காத. மத்தியானத்துக்கு மேல ஆள் அனுப்புறேன்."

மச்சான் சொன்ன மூன்றும் என் காதில் வரிசையாக ஒலித்தன. டாக்டர் வேறு வண்டிக்குப் போனில் தேட ஆரம்பித்துவிட்டார். நான் கயலின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னேன்: "மீட்டர் இல்லாட்டி என்னா? வண்டி நவுருதுல்ல? நாப்பதுல உருட்டிக்கினே போயிரு. நான் பக்கத்துல இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை, குரல் தெரிந்தது.

"ஸ்பீடு தெரியாது, சார்ஜ் தெரியாது, எந்த வார்னிங் லைட்டு எரியுதுன்னும் தெரியாது. பின்னாடி ஒரு பேஷன்ட வச்சிக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன் மாமா."

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. சிங்கப்பூரில் என்னிடம் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேருக்கு நான் சொன்ன பாடம் இதுதான். அதை மறந்துவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொன்னவனும் நான்தான். வெட்கத்தோடு வெளியே பார்த்தேன். முந்திரித் தோப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கயல் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்குது. அப்ப கரண்டு இருக்கு. ஏசி ஓடுது. திரை மட்டும் ஏன்..." ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"வந்துருச்சு!"

நிமிர்ந்தாள். "போயிருச்சு."

மறுபடி சாய்ந்தாள். "வருது." நிமிர்ந்தாள். "போவுது." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பலகை கறுப்பாகவேதான் இருந்தது. பிள்ளைக்குப் பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

நெற்றி வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றிய கை அந்தரத்தில் நின்றது. திரையைப் பார்த்தாள், கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அதைத் திரைக்கு நேராகப் பிடித்து, கடிகாரச் சாவியைத் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாமா, ஒங்க கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றினேன். எழுபத்தொரு சதவீதம் சார்ஜ். வேகம் பூஜ்யம். இரண்டு பக்கமும் பச்சை அம்புக்குறிகள் மின்ன, திரை திருவிழாக் கடைபோல ஜொலித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடிகூட அது அணைந்திருக்கவில்லை. என் பரிசுதான் எங்கள் இரண்டு பேர் கண்ணையும் ஒரே நேரத்தில் கட்டியிருக்கிறது.

பின்னாலிருந்து டாக்டர், "என்ன ஆச்சு? வேற கேப் இருபது நிமிஷம் காட்டுது, புக் பண்ணட்டுமா?" என்றார்.

நான் அவசரமாகக் கயலின் காதில், "லூஸ் கனெக்‌ஷன், சரியாயிருச்சுன்னு சொல்லிரு" என்றேன். அன்றைக்கு நான் செய்த இரண்டாவது தப்பு.

கயல் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். "மேடம், வண்டியில ஒரு ரிப்பேரும் இல்ல. தப்பு என்னோடது. இந்தக் கண்ணாடியப் போட்டா இந்தத் திரை தெரியாது. தண்ணியில படுற வெளிச்சத்த இது தடுக்குதுல்ல, அதே மாதிரி இந்தத் திரையோட வெளிச்சத்தையும் தடுத்துருது போல. தலையச் சாய்ச்சா தெரியுது. வீட்ல போட்டுப் பாத்துட்டு வந்திருக்கணும். பாக்காமப் போட்டுட்டேன்."

டாக்டர் நம்பாமல் கண்ணாடியை வாங்கி, முன்பக்கம் எக்கிப் பார்த்தார். போட்டார், கழற்றினார், போட்டார். உதட்டோரம் மெல்ல விரிந்தது. அப்போது ஆரோக்கியசாமி நல்ல கையை நீட்டினார். மகள் அவருக்குப் போட்டுவிட்டார். கயல் இருக்கையை ஒட்டி ஒதுங்கி, அவர் பார்க்க வழிவிட்டாள். அவர் தலை சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எனக்கு... தெரியுதே" என்றார்.

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார், பாதி உதட்டால். டாக்டரின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "அப்பா சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கண்ணாடி இல்லாமல், கூச்சத்துக்குச் சூரியத் தடுப்பை இறக்கிவிட்டு, முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நல்ல இடைவெளி விட்டுக் கயல் ஓட்டினாள். வெள்ளாற்றுப் பாலத்தில் புது வெள்ளம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மையத்து வாசலில் நிறுத்தியபோது மணி பத்து ஏழு. பத்து மணி நோயாளி ஏற்கெனவே நாற்காலியில் காத்திருந்தார். கயலின் முகம் வாடியது.

அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு டாக்டர் திரும்பி வந்தார். "ஒன்னு கேக்கறேன். மீட்டர் சரியாயிருச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஏன் தப்பு என்னோடதுன்னு சொன்னீங்க?"

"நாளைக்கு நெஜமாவே எதுனா கோளாறுன்னு நான் வண்டிய நிறுத்துவேன் மேடம். அப்ப நீங்க என்னெ நம்பணும்ல."

டாக்டர் உள்ளே போகத் திரும்பினார். "திங்கள்லேருந்து சனிவரைக்கும். காலைல மூனு பேர், மத்தியானம் ரெண்டு பேர். லேட்டானா போன் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கே உரிய சிக்கனம்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் காரின் கதவைத் திறந்து திறந்து மூடினேன். என் பிள்ளைகள் பட்டம் வாங்கிய நாட்களில் கூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. பட்டம் படித்தால் கிடைத்துவிடும். நடுரோட்டில் பெரியவன் ஒருவன் தப்பான யோசனை சொல்லும்போது முடியாது என்று சொல்வதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு? நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"பசிக்குது மாமா" என்றாள். கீழவீதியில் ஒரு சின்னக் கடையில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்தரிக்காய் மசிந்து, புளியும் மிளகாயும் சரியாக உட்கார்ந்த சிதம்பரத்துக் கொத்சு. சிங்கப்பூரில் இதே பெயரில் ஒன்று போடுவார்கள். அதைச் சாம்பார் என்று சொன்னால் சாம்பாருக்குக் கோபம் வரும். ஆறு இட்லி சாப்பிட்டேன். கயல் எட்டு.

சாப்பிட்டதும் நேராக ஒரு கண்ணாடிக் கடைக்கு விட்டாள். கடைக்காரர் போலரைஸ்டையே எடுத்து நீட்டினார். "டிரைவருங்கல்லாம் இதான் வாங்குறாங்க மேடம்."

"அதான் எனக்கு வேணாம். சாதா கூலிங் கண்ணாடி குடுங்க. ஒரு நிமிஷம் வெளிய எடுத்துட்டுப் போயிட்டு வரேன்." ஐந்து கண்ணாடிகளை அள்ளிக்கொண்டு காருக்குப் போனாள். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். ஒவ்வொன்றாகத் திரைக்கு முன் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்படித் திருப்பினாலும் எண்கள் அழியாத ஒரு பழுப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் அதற்குள் தன் செல்போன் திரையில் அதே சோதனையைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷமா விக்கிறேன், எனக்கே தெரியாதுங்க" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மச்சானிடம் நானே நடந்ததைச் சொன்னேன். என் இரண்டு தப்புகளையும் விடாமல் சொன்னேன். கடைசியில், "நீங்க ஓட்டுன்னு சொல்லியும் அவ ஓட்டலியா?" என்று மட்டும் கேட்டார். "ஓட்டல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மகளின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. வடலூர் போய்ச் சத்திய ஞான சபையில் கும்பிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து இலைக்காரர் ஈரோட்டிலிருந்து வந்தவர், யார் எவர் என்று கேட்காமலே எனக்கு ரசம் ஊற்றச் சொன்னார். திரும்பும் வழியில் சார்ஜ் போடும் இடத்தில் நிறுத்தினோம். ஏற்கெனவே மூன்று வாடகைக் கார்கள் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெற்றியில் புதுக் கறுப்புக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். கயலின் கண் அதில் பட்டது.

"அண்ணா, அது போலரைஸ்டா? ஒங்க வண்டி மீட்டர் அதுல தெரியுதா?"

அவர் சிரித்தார். "ஏன் தெரியாது? இன்னிக்குத்தான் வாங்கினேன், இன்னும் போட்டு ஓட்டல."

"ஓட்றதுக்கு மின்ன ஒருவாட்டிப் பாத்துருங்க. ஒவ்வொரு வண்டிக்கு ஒவ்வொரு மாதிரி."

ஒருவர் எழுந்தார், பிறகு மற்ற இருவரும் எழுந்தார்கள். கயல் ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வண்டியில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றில் சாய்த்தால்தான் மறைந்தது. கண்ணாடிக்காரரின் வண்டியில் அப்படியே இருண்டது. "அய்யோ!" என்றார் அவர். ஆம்பளைகள் மூன்று பேர் ஒரு காரின் சன்னலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்க, நடுவில் கயல் நின்று, இடைவெளி விட்டு ஓட்டுவதைப் பற்றியும், திரை போய்விட்டால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

டீக்கடைக்காரர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "நல்ல வெவரமான பொண்ணா இருக்கே. நீங்க வெளியூரா சார்? என்னா தொழில்?"

இருபத்தாறு வருடப் பெருமை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நான் அந்தப் பொண்ணோட மாமா" என்றேன்.